பழைய விமானச் சீட்டில் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி: எயார் சிலோன் முதல் சிறீலங்கன் வரை

வன்னியில் பல வீடுகளில் பொலித்தீன் பையொன்று பத்திரமாக இருக்கிறது. இடப்பெயர்வுகள் எத்தனையோ கடந்து வந்த பை. அதற்குள் பிறப்புப் பதிவு, காணி உறுதி, பழைய கடவுச்சீட்டு, கடிதக்கட்டு. அவற்றோடு மடித்து வைத்த ஒரு விமானச் சீட்டும் இருக்கும். யார் போனார், எங்கே போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஆண்டு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். சீட்டைப் பார்த்தாலும் '14 செப்' என்ற அளவில்தான் இருக்கும்.

சாதாரணக் கட்டணச் சீட்டு, எழுதிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குச் செல்லும். ஆகவே பயண நாளுக்குரிய கட்டத்தில் நாளும் மாதமும் போதும். ஆண்டு வேறோர் இடத்தில், சீட்டு எழுதப்பட்ட திகதியாக அல்லது முகவரின் முத்திரையில் இருக்கும். அந்த இடம் அழிந்துபோயிருந்தால் விமான நிறுவனத்தின் வரலாறுதான் கைகொடுக்கும். பெயர் மாறிய நாள், விமானம் மாறிய நாள், நிலையத்தின் பெயர் மாறிய நாள் ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்கல். 'இதற்கு முந்தியிராது', 'இதற்குப் பிந்தியிராது' என்று இரண்டு பக்கமும் எல்லை போட்டு நெருக்கிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் ஓர் ஆண்டில் அல்லது இரண்டு ஆண்டுக்குள் வந்து நிற்கலாம்.

முதலில் தாளைக் காப்பாற்றுங்கள்

பயணியிடம் மிஞ்சுவது சீட்டுப் புத்தகத்தின் கடைசித் தாள். மேலே முகவர் அழுத்தி எழுத, சிவப்புக் கார்பன் வழியாகக் கீழே இறங்கிய எழுத்து அது. அடித்தாள் என்பதால் எல்லாவற்றிலும் மங்கலாக இருப்பதும் அதுவே. விரலால் தேய்த்தால் கார்பன் இழுபடும். ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

எதுவும் செய்வதற்கு முன் படமெடுங்கள். நிழலான இடத்தில், சன்னலோரம், சீட்டு ஒரு பக்கத்து வெளிச்சத்தைச் சரிவாக வாங்குமாறு வைத்து ஒரு படம். நேர் வெளிச்சத்தில் ஒரு படம். சரிந்த வெளிச்சத்தில் பேனையின் அழுத்தத் தடம் தெரியும். மை போயிருந்தாலும் தடம் இருக்கும். முகவரின் உலோகத் தகட்டு அச்சும் இப்படித்தான் பிடிபடும். பிறகு கைத்தொலைபேசியின் படத்திருத்தியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்பின் பிரகாசத்தைக் குறையுங்கள். கண்ணுக்கு வெளிறித் தெரிந்த சிவப்பெழுத்து கறுத்து மேலே வரும். ஸ்கானர் கிடைத்தால் 600 புள்ளி அடர்த்தியில், நிறத்தோடு எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டால் இந்த வித்தையைப் பிறகு செய்ய முடியாது.

லமினேட் செய்யக்கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு அதிகம் கெட்டுப்போவது இப்படித்தான். விமானத்தில் ஏறக் காட்டும் அட்டைகளில் (போர்டிங் பாஸ்) பிற்காலத்தவை பல வெப்பத்தில் கறுக்கும் தாளில் அச்சானவை. லமினேட் இயந்திரத்துக்குள் போனால் முழு அட்டையும் கறுத்துத்தான் வெளியே வரும். அந்த வகைத் தாள் அலுமாரிக்குள்ளேயே ஆண்டுக்காண்டு மங்கும் என்பதால் அவற்றையே முதலில் படமெடுக்க வேண்டும். செலோரேப்பும் வேண்டாம், பசை மஞ்சளித்துத் தாளைத் தின்னும். மெத்தென்ற, மணக்கிற பிளாஸ்டிக் உறைகள் மையை இழுத்துக்கொள்ளும். சுத்தமான வெள்ளைத் தாளில் மடித்து, அதைத் தகரப் பெட்டியில் நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். கறையான் சுவர் வழியாக வரும், ஆகவே பெட்டி சுவரைத் தொடக்கூடாது. பூச்சி உருண்டை போடுவதானால் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில், தாளில் படக்கூடாது.

மாரியில் நனைந்த கட்டு என்றால் பிரிக்க அவசரப்படாதீர்கள். ஈரத்தில் பிரித்தால் மேற்தாளின் எழுத்து அடுத்த தாளோடு போய்விடும். கட்டோடு பொலித்தீனில் சுற்றிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வையுங்கள், பூஞ்சணம் நின்றுவிடும். பிறகு ஆறுதலாக, சிறு சிறு பகுதியாக நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். குளிரூட்டி இல்லையென்றால் இரண்டு நாளுக்குள் உலர்த்தி முடிக்க வேண்டும். வெயிலில் வேண்டாம், கார்பன் வெளிறும்.

எந்த நிறுவனத்தின் சீட்டு?

சீட்டின் அட்டையை நம்பாதீர்கள். பயண முகவர் தன் கையிலிருந்த உறையைப் போட்டுக் கொடுத்திருப்பார். சீட்டு இலக்கத்தின் முதல் மூன்று எண்களைப் பாருங்கள். 603 என்றால் எயார் லங்காவும் அதன் பின்வந்த சிறீலங்கனும். 072 கல்ஃப் எயார், 229 குவைத், 065 சவூதி, 176 எமிரேட்ஸ், 098 எயார் இந்தியா, 555 ஏரோஃப்ளொட். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களின் பைகளில் முதல் நான்கும் அடிக்கடி வரும். 1980களின் நடுப்பகுதியில் மொஸ்கோ, கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குப் போனவர்களிடம் ஏரோஃப்ளொட் தாளும், கிழக்கு ஜேர்மனியின் இன்ரர்ஃப்ளுக் தாளும் கிடைக்கும்.

சீட்டு இலக்கம் சீட்டை விற்ற நிறுவனத்தைச் சொல்கிறது. பறந்த நிறுவனத்தைச் சொல்வது பறப்பு இலக்கத்தின் முன்னால் உள்ள இரண்டு எழுத்து. குவைத் சீட்டில் ஒரு கட்டம் மட்டும் எயார் லங்கா பறப்பாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். எயார் சிலோனின் எழுத்து ஏ.ஈ.; எயார் லங்காவின் எழுத்து யூ.எல்.; இன்றைய சிறீலங்கனும் அதே யூ.எல். தான். ஆகவே யூ.எல். என்பது 1979க்குப் பிந்தியது என்று மட்டும் சொல்லும்.

பட்டைக்குறியோடு வந்த பொதி அடையாளத் துண்டு இருந்தால் அதிலுள்ள பத்து எண்களைப் பாருங்கள். முதல் எண்ணை விட்டு அடுத்த மூன்றும் நிறுவன எண். பழைய சூட்கேஸ் கைபிடிகளில் இந்தத் துண்டுகள் ஒட்டியபடியே இருப்பதுண்டு. பெட்டியைக் கழுவுவதற்கு முன் பாருங்கள்.

எல்லைக்கற்கள்: நிறுவனத்தின் வரலாறு

எயார் சிலோன் சுதந்திரத்துக்கு முந்தியது. 1947 டிசெம்பர் 10 அன்று அதன் முதற்பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை என்று அன்று சொல்லப்பட்டது பலாலி விமானத் தளத்தை. தேசிய நிறுவனத்தின் முதல் நாள், முதல் தரிப்பே வடக்கில் என்பதை இங்குள்ள பாடசாலைப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பறந்தது டக்கோட்டா எனப்படும் டி.சி. 3, அதன் பெயர் சீதா தேவி. கூடவிருந்த மற்ற இரண்டும் விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி. அன்றைய போக்குவரத்து, வேலைகள் அமைச்சர் ஜோன் கொத்தலாவலையின் முயற்சி அது.

தூரப் பறப்புக்கு எயார் சிலோன் பெரும்பாலும் கூட்டாளியோடுதான் போனது. 1949இல் ஒஸ்ரேலியன் நஷனல் எயார்வேய்ஸ், 1950களின் நடுவிலிருந்து டச்சு நிறுவனமான கே.எல்.எம்., 1960களில் பிரித்தானிய பி.ஓ.ஏ.சி., 1970களில் பிரெஞ்சு நிறுவனமான யூ.ரி.ஏ. ஆகவே அந்தக் காலத்து இலண்டன் பயணத் தாளில் இரண்டு நிறுவனப் பெயர் சேர்ந்திருந்தால் குழம்ப வேண்டாம்; கூட்டாளியின் பெயரே பத்தாண்டைச் சொல்லிவிடும்.

உள்நாட்டிலும் தென்னிந்தியாவுக்கும் டக்கோட்டாக்களோடு 1964 முதல் அவ்ரோ 748 பறந்தது. 1969இல் ட்ரைடன்ற் வந்தது. தூரப் பறப்புக்கு பி.ஓ.ஏ.சி.யிடம் வாடகைக்கு வாங்கிய வி.சி. 10உம் இருந்தது. 1978 செப்டெம்பர் 7, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, இரத்மலானையில் நின்ற அவ்ரோ குண்டுவெடிப்பில் அழிந்தது. அதற்குள் நிறுவனமே தள்ளாடிக்கொண்டிருந்தது.

1979 ஜனவரியில் எயார் லங்கா பதிவானது. செப்டெம்பர் 1இல் பறக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் சிங்கப்பூரிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707. 1980இல் ட்ரைஸ்டார் வந்தது, பிறகு இருபது ஆண்டுகள் அதுவே முதுகெலும்பு. 1984 முதல் 1987 வரை மட்டும் ஜம்போ 747 இருந்தது. 1986 மே 3 அன்று மாலைதீவுக்குப் புறப்படவிருந்த ட்ரைஸ்டார் கட்டுநாயக்காவில் குண்டுவெடிப்பில் உடைந்து 21 பேர் இறந்தனர். 1992இல் ஏ 320, 1994இல் ஏ 340. 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் எடுத்தது. 1999 யூலையில் பெயர் சிறீலங்கன் எயார்லைன்ஸ் ஆனது. 2008 மார்ச்சில் எமிரேட்ஸ் நிர்வாகம் முடிந்தது. 2001 யூலை 24 கட்டுநாயக்கா மீதான தாக்குதலில் பன்னிரண்டு விமானங்களில் பாதி அழிந்தோ சேதப்பட்டோ போயின. 2014 மே மாதம் வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. அதன் பிறகு அச்சான அட்டைகளில் அந்தக் கூட்டணியின் வட்டக் குறி இருக்கும்.

இந்த வரிசையை ஒரு கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு சீட்டைப் பாருங்கள்.

வழுக்கும் இடங்கள் சில உண்டு. 'சிலோன்' என்றிருந்தால் 1972க்கு முந்தியது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். நாட்டின் பெயர் 1972 மே 22இல் மாறியது. நிறுவனமோ கடைசிவரை எயார் சிலோனாகவே இருந்தது. மறுபக்கம், 1999க்குப் பிறகும் எங்கள் ஆட்கள் 'எயார் லங்கா' என்றுதான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆகவே வாய்ப்பேச்சில் வரும் பெயர் சான்றாகாது. அச்சில் உள்ள பெயரே சான்று. அச்சிலும் சில மாதம் விட்டுக் கொடுங்கள்: பெயர் மாறிய மறுநாளே பழைய தாள்கள் முடிந்துவிடுவதில்லை.

தாளின் மற்ற குறிகள்

விமான நிலையத்தின் பெயர் நல்ல அடையாளம். 1970இல் பண்டாரநாயக்கா பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 1977இல் கட்டுநாயக்கா பன்னாட்டு விமான நிலையம் ஆக்கினார்கள். 1995இல் மறுபடி பண்டாரநாயக்கா. தீர்வையில்லாக் கடைப் பற்றுச்சீட்டு, புறப்பாட்டு அட்டை, வாழ்த்து அட்டை எதில் 'கட்டுநாயக்கா பன்னாட்டு' என்று அச்சாகியிருந்தாலும் 1977க்கும் 1995க்கும் இடையில் வைக்கலாம்.

கட்டணக் கணக்கு எழுதிய வரிதான் பலர் பார்க்காமல் விடுவது. சீட்டின் நடுவில் அல்லது அடியில் ஊர்க்குறிகளும் எண்களும் கலந்து ஓடும் வரி அது. அதில் எஃப்.சி.யூ. என்ற மூன்றெழுத்து இருந்தால் 1989 நடுப்பகுதிக்கு முந்தியது, என்.யூ.சி. இருந்தால் அதற்குப் பிந்தியது. உலகம் முழுவதும் நிறுவனங்கள் கட்டணத்தைக் கணக்கிட வைத்திருந்த பொது அலகு அந்த ஆண்டு மாறியது. வேறெந்தக் குறியும் எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் இவ்வளவு சுத்தமாகப் பிரிப்பதில்லை.

பணக்குறி: ஜேர்மனியிலோ பிரான்சிலோ வாங்கி அனுப்பிய சீட்டில் டொச்மார்க், பிராங்க் என்றிருந்தால் 2002க்கு முந்தியது என்று கொள்ளலாம். சுவிஸ், பிரித்தானியா, நோர்வே, கனடாச் சீட்டுகளில் இந்த வழி உதவாது. அங்கே பணம் மாறவில்லை. கையிலிருப்பது கார்பன் சீட்டோ, பின்புறம் காந்தப் பட்டை ஓடும் தடித்த அட்டைச் சீட்டோ, எதுவானாலும் 2008 யூனுக்குப் பிறகு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த மாதத்தோடு உலக நிறுவனங்கள் காகிதச் சீட்டை நிறுத்தின.

சதுரப் புள்ளிக் குறியோடு வந்த புதிய ஏறும் அட்டையில் ஆண்டு இராவிட்டாலும், குறியை வாசிக்கும் செயலியில் பார்த்தால் பறப்பு இலக்கத்துக்குப் பின்னால் மூன்று எண் வரும். அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 001 ஜனவரி 1. அட்டையின் முகத்தில் அச்சான திகதியோடு அந்த எண்ணை ஒப்பிட்டால் நெட்டாண்டா இல்லையா என்று தெரியும், மார்ச் 1 முதலான திகதிகளுக்கு மட்டும்.

படங்களில் விமானம்

வழியனுப்பும் படத்தில் பின்னால் விமானம் தெரிந்தால் எஞ்சினை எண்ணுங்கள். சிறகில் இரண்டு, வால் அடியில் ஒன்று என்றால் ட்ரைஸ்டார். மூன்றும் வாலருகே கூடியிருந்தால் ட்ரைடன்ற், எயார் சிலோன் காலம். முன்பக்கம் முதுகு உயர்ந்திருந்தால் ஜம்போ. எயார் லங்கா நிறத்தில் என்றால் 1984க்கும் 1987க்கும் இடையில், இதைவிடச் சுலபமான கணிப்பு கிடையாது. சிறகில் நான்கு என்றால் தொடக்ககால 707 அல்லது 1994 முதல் 2010களின் நடுப்பகுதி வரை நின்ற ஏ 340; படத்தின் நிறமும் ஆட்களின் உடுப்புமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

வாலருகே உள்ள பதிவெழுத்து வாசிக்க முடிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 1950களின் நடுவிலிருந்து எல்லா இலங்கை விமானமும் '4ஆர்' என்று தொடங்கும். அடுத்த எழுத்து ஏ.சி. என்றால் பெரும்பாலும் எயார் சிலோன். யூ.எல். என்றால் எயார் லங்காவின் ட்ரைஸ்டார் அல்லது ஜம்போ. ஏ.பி. என்றால் ஏ 320, ஏ.டி. என்றால் ஏ 340. எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பதிவெழுத்து பின்னாளில் வேறு விமானத்துக்கும் போகும்.

வன்னிப் பக்கத்துச் சான்று

கட்டுநாயக்காவுக்குப் போக முதலில் வன்னியிலிருந்து வெளியேற வேண்டும். அந்தப் பயணத்தின் துண்டுகள் விமானச் சீட்டைவிடத் தெளிவாக ஆண்டு சொல்லும் சந்தர்ப்பங்கள் உண்டு. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஏறிய ரயில் சீட்டு என்றால், 1990 யூனுக்கு முந்தியது அல்லது கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்த 2013 செப்டெம்பருக்குப் பிந்தியது. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளில் அங்கே ரயில் இல்லை, பெரும்பாலும் வவுனியாதான் கடைசி. ஓமந்தை, முகமாலை சோதனைச் சாவடிகள் இரண்டையும் கடந்து ஏ 9 வீதி வழியாக யாழ்ப்பாணம் போய்வந்ததற்கான பாஸ் இருந்தால் 2002க்கும் 2006 ஓகஸ்டுக்கும் இடையில். கொழும்பு லொட்ஜ் பற்றுச்சீட்டு, பொலிஸ் பதிவுத்துண்டு எதையும் எறியாதீர்கள். அவற்றில் முழுத் திகதி இருக்கும்.

முதியவர்களிடம் 'எந்த ஆண்டு' என்று கேட்பதில் பயனில்லை. 'யூலைக் கலவரத்துக்கு முன்னமோ பின்னமோ?', 'இந்தியன் ஆமி நிக்கேக்கையோ?', '95 இடப்பெயர்வுக்குப் பிறகோ?', 'கட்டுநாயக்கா அடிபட்ட பிறகோ?', 'சுனாமிக்கு முதலோ?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பதில் தயங்காமல் வரும், அநேகமாகச் சரியாகவும் வரும். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிந்துவிடுவார்.

கிழமை வைத்து நெருக்குதல்

ஓர் எடுத்துக்காட்டு. சீட்டு எண் 603இல் தொடங்குகிறது, பறப்பு யூ.எல்.; நாள் 14 செப்டெம்பர்; கட்டண வரியில் எஃப்.சி.யூ. என்றிருக்கிறது. கூடக் கிடந்த கடிதத்தில் 'திங்கட்கிழமை பயணம்' என்று இருக்கிறது. பழைய கடவுச்சீட்டு 1984இல் கொடுக்கப்பட்டது.

எயார் லங்காவின் இருபது ஆண்டுகளில் செப்டெம்பர் 14 திங்களாக வந்தவை 1981, 1987, 1992, 1998. எஃப்.சி.யூ. பின்னிரண்டையும் தள்ளுகிறது. கடவுச்சீட்டு 1981ஐத் தள்ளுகிறது. மிஞ்சுவது 1987.

இங்கே நிறுத்தினால் தவறலாம். கடிதத்தின் 'திங்கள்' வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நாளா, விமானம் எழும்பிய நாளா? பல பறப்புகள் நள்ளிரவுக்குப் பின் புறப்படும். திங்கள் இரவு விமான நிலையம் போனவரின் சீட்டில் செவ்வாய்த் திகதி இருக்கும். செப்டெம்பர் 14 செவ்வாயாக வந்தது 1982, 1993, 1999. மூன்றுமே மற்றச் சான்றுகளோடு பொருந்தாது. ஆனால் திங்கள் வன்னியிலிருந்து வெளிக்கிட்டு, கொழும்பில் தங்கி, புதன் பறந்திருந்தால் 1988க்கு இடமுண்டு. ஆகவே முடிவு '1987. 1988ஆகவும் இருக்கலாம்' என்பதே. கடவுச்சீட்டில் குடிவரவு அதிகாரி குத்திய புறப்பாட்டு முத்திரை வாசிக்கக்கூடியதாக இருந்தால் அது மற்ற எல்லாவற்றையும் வெல்லும். முத்திரை மங்கியிருந்தால் மேலே சொன்ன சரிவு வெளிச்சத்தில் பாருங்கள். போய் இறங்கிய நாட்டின் முத்திரை அடுத்த பக்கங்களில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது அதே நாளாகவோ மறுநாளாகவோ இருக்கும்.

எழுதி வைத்தல்

ஒவ்வொரு தாளுக்கும் கொப்பியில் ஒரு பக்கம். தாளில் உள்ளதை உள்ளபடி, எழுத்துப்பிழையோடு, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் கணித்ததை எதிர்ப்பக்கத்தில் வேறு நிற மையில் எழுதுங்கள். 'முந்திய எல்லை', 'பிந்திய எல்லை', ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்பவை கட்டாயம். காரணம் எழுதாத ஆண்டை அடுத்த தலைமுறை சரிபார்க்க முடியாது. தாளின் மேல் எதுவும் எழுதாதீர்கள், பென்சிலாலும்.

படங்களை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பி, அவர்களிடமுள்ள படங்களையும் கேளுங்கள். 2009இல் இங்கே எரிந்தும் புதைந்தும் போன படத்தின் மறுபிரதி ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ ஓர் அல்பத்தில் இருக்கக்கூடும். தனிப்பட்ட முறையில் அனுப்புங்கள். முகநூலில் போட வேண்டாம். சீட்டிலும் கடவுச்சீட்டிலும் முழுப்பெயரும் இலக்கமும் இருக்கின்றன, புதிய ஏறும் அட்டையின் புள்ளிக் குறியில் முன்பதிவுக் குறியும் இருக்கிறது. அகதி விண்ணப்பத்தில் கொடுத்த திகதிகளோடு தொடர்புள்ள தாள் என்றால் அந்த ஆளின் சம்மதமில்லாமல் குடும்பத்துக்கு வெளியே காட்டவே கூடாது. பாடசாலைக் கண்காட்சிக்கு வைப்பதானால் பெயரும் இலக்கமும் மறைத்த நகலை வையுங்கள்; மூலத்தாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.